இருபத்து நான்கு ஸ்ரீ

ஒரு மனிதனின் மரியாதைக்கு விலை இரண்டு வெள்ளி. சந்தேகம் உள்ளவர்கள் என்னைக் கேட்கலாம். விலை சொன்னவனே நான்தான். பேரம் பேசியிருந்தால் ஒன்றே காலுக்கு இறங்கியிருப்பேன். பேச வேண்டியவர் பேசவில்லை. அப்படி ஒரு விலை இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸுக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஓர் அச்சுக்கூடம் இருந்தது. கூடம் என்று பலகையில்தான் போட்டிருந்தேன்; உண்மையில் அது ஒரு கடையின் பாதி. மற்றப் பாதியில் ஒரு சீனர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். என் அப்பா கிள்ளானில் துணிமூட்டை சுமந்து வீடு வீடாக விற்றவர். பிள்ளைகள் நிலாவைக் காட்டச் சொல்லி அழுகிற வயதில் நான் ‘கட்டுப்படியாகாதும்மா’ என்று சொல்லக் கற்றிருந்தேன். ஆகவே அச்சுக்கூடத்துக்கு வேண்டிய எழுத்துகளையும் மலிவாகத்தான் வாங்கினேன். பினாங்கில் ஓர் அச்சுக்கூடம் மூடிப்போயிற்று. அங்கிருந்த ஈய எழுத்துகளை எண்ணாமல் நிறுத்து விற்றார்கள். இரண்டு சாக்குகளில் ரயிலேற்றிக் கொண்டுவந்து, தரையில் கொட்டிப் பிரித்தபோதுதான் என் சாமர்த்தியத்தின் அளவு தெரிந்தது. ‘ற’ ஒரு வாளி இருந்தது. ‘ஸ்ரீ’ இருபத்து நான்குதான் இருந்தது.

அந்தக் காலத்தில் அது சின்னக் குறையில்லை. தமிழில் அச்சடித்த எந்தக் காகிதத்திலும் ஒரு கௌரவமான பெயர் தனியாக வெளியே வராது. முன்னால் ‘ம-ரா-ரா-ஸ்ரீ’ போகும். பின்னால் ‘அவர்கள்’ வரும். மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம் அது. ராஜாவுக்கு ராஜா, அதற்கும் மேலே ஒரு மகா, கடைசியில் லட்சுமி கடாட்சம். புளி மண்டிக்காரரும் சாராயக் கடைக் குத்தகைக்காரரும் இதைப் போட்டுக்கொண்டார்கள். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. விட்டுப்போனால் மட்டும் உடனே கேட்டார்கள்.

ஒரு பக்கத்தை ஒரே சட்டத்தில் கோர்த்துத்தான் அடிக்க வேண்டும். அப்படியானால் என் கடையில் ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மகாராஜாக்களுக்கு மேல் இடமில்லை. ஆறு வருஷம் அந்தக் கணக்கு இடிக்கவே இல்லை.

விபவ வருஷம் ஆனி மாதம் பக்கிரிசாமி வந்தார்.

அவர் ரயில்வேயில் தண்டவாளக் கும்பலுக்கு மண்டோர். மேஸ்திரியாக இருபது பேரை வைத்துக்கொண்டு வெயிலில் சல்லி இடிக்கிற வேலை. சம்பளத்தோடு நாலு மாடு வைத்துப் பால் ஊற்றி, ஒரே மகள் தங்கமணியை ஆறாவது வரை படிக்க வைத்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைக் கிள்ளான் மளிகை வியாபாரி வேலாயுதத்தின் மகன் ராதாகிருஷ்ணனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வே ஆபீசில் சின்னக் கிராணி; நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. கிராணி மாப்பிள்ளை தண்டவாளக்காரர் வீட்டுக்கு எப்படி இறங்கி வந்தார் என்று ஊர் கேட்டது. பதினைந்து பவுன் போட்டு இறக்கினார் என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது.

“அண்ணே, பத்திரிகை அடிக்கணும். முன்னூறு. செலவு பொண்ணு வீட்டுது,” என்றார் பக்கிரிசாமி. “வாசகம் சம்பந்தி எழுதிக் குடுத்திருக்காரு.”

வேலாயுதம் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே ‘ஸ்ரீ முருகன் துணை.’ அப்புறம் முகூர்த்தம், பெண், பிள்ளை. கீழே ‘முன்னின்று நடத்துவோர்’ என்று இருபத்தொரு பெரிய மனிதர்கள். அரிசி ஆலைக்காரர், கட்டைத் தொட்டிக்காரர், மூன்று கண்டிராக்டர்கள், இன்னும் வேலாயுதம் யார் யாரிடம் கடன் வாங்கலாம் என்று நினைத்தாரோ அத்தனை பேரும். கடைசியில் சம்பந்திகள் இருவர்.

“எழுத்துக்கு எழுத்து காசா?” என்று பக்கிரிசாமி கேட்டார்.

“இல்ல, மொத்தமா பன்னெண்டு வெள்ளி.”

அவர் பேரம் பேசவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. பத்துக்கு முடிக்கலாம் என்றுதான் பன்னிரண்டு சொன்னேன்.

“ஒண்ணு கேக்கலாமா அண்ணே? பேருக்கு முன்னால என்னமோ போடுவாங்களே, மகாராசான்னு. அது எனக்கும் இருக்குதா இதுல?”

“இருக்கு. ம-ரா-ரா-ஸ்ரீ பக்கிரிசாமி அவர்கள்.”

அவர் சிரித்தார். வெற்றிலைக் காவிப் பல் அத்தனையும் தெரிந்தது. “இருவது வருசமா சம்பளத்தன்னிக்கு ‘டேய் பக்கிரி’ன்னுதான் கூப்புடுறானுங்க. ஒரு தடவ கூட முழுப்பேரு வந்ததில்ல.” கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எனக்காக இல்லண்ணே. தங்கமணி அந்த வீட்டுல போயிக் குந்தணும். அப்பன் பேரு மொட்டையா இருந்தா பொண்ணயும் அப்புடித்தானே நடத்துவாங்க? நம்ம பேரும் அவுங்க பேரும் ஒரே மாதிரி இருந்துட்டா, நாளைக்கு ஒரு பேச்சு வராதுல்ல.”

“அதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.”

“எது அந்த எழுத்து? காட்டுங்களேன்.”

பெட்டியிலிருந்து ஒரு ஸ்ரீயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சல்லி இடித்துக் காய்த்த கையில் அது அரிசி மாதிரி கிடந்தது. ஈயத்தில் எழுத்து திரும்பித் தெரியும் என்பதால், மையில் தொட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் ஒற்றிக் கொடுத்தேன். அவர் அதை ஊதி ஊதிக் காயவைத்தார். மடிக்காமல் புகையிலை டப்பாவில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே கோர்க்க உட்கார்ந்தேன். சாமிக்கு ஒன்று, பெரிய மனிதர்களுக்கு இருபத்தொன்று, சம்பந்திகளுக்கு இரண்டு. மொத்தம் இருபத்து நான்கு. பெட்டிக்குழி துடைத்தாற்போல் காலியாயிற்று. எனக்கே ஒரு பெருமை.

சரி பார்க்க ஒரு தாள் ஒற்றி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வேலாயுதம் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். வாசலிலேயே குடையை உதறினார். மழை பெய்யவில்லை, வந்துவிட்டதை அறிவிக்கிற வழக்கம் அது. என் அப்பாவிடம் துணி வாங்கியவர், என்னிடம் பில் புத்தகம் அடிப்பவர். வருஷத்துக்கு நாற்பது வெள்ளி வேலை அவர் கடையிலிருந்து வரும்.

தாளை மூக்குக்கு நேரே பிடித்து ஒவ்வொரு பெயராக எண்ணினார். “ரெங்கசாமி, ஒரு ஆள சேக்கணும். பெரிய கிராணி வல்லிபுரம். ராதாவுக்கு அவருதான் மேலதிகாரி. அடுத்த மாசம் பதவி உயர்வு லிஸ்ட்டு போவுது. அவரு பேரு இல்லாம போனா, நான் எதுக்குப் பத்திரிகை அடிக்கிறேன்?”

“அடிக்கிறது பக்கிரிசாமிங்க,” என்றேன்.

“யாரு அடிச்சா என்னலா? போடு.”

“பேரு போடலாம் மொதலாளி. ஸ்ரீ இல்ல.” பெட்டியைத் திறந்து காட்டினேன். “இருவத்து நாலுதான். எல்லாம் உள்ள போயிருச்சு.”

“அதுக்கு என்ன வழி?”

வழி இருந்தது. முன்னூறையும் ஒரு முறை அடித்துக் காயவைத்துவிட்டு, ஒரு ஸ்ரீயைப் பிடுங்கி, விட்டுப்போன இடத்துக்கு நேரே தனியாகப் பொருத்தி, மறுபடி முன்னூறையும் அழுத்த வேண்டும். கை இயந்திரம். அரை நாள் வேலை. சொன்னேன்.

“எவ்வளவு?”

“ரெண்டு வெள்ளி.”

“ஒரு எழுத்துக்கா? ஒன் அப்பன் ஒரு சீலையவே ரெண்டு வெள்ளிக்குக் குடுத்தான்.”

“அப்பா நஷ்டப்பட்டாரு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வியாபாரிகள் சேர்ந்து சிரிக்கிறபோது மூன்றாவது ஆள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்றாவது ஆள் அந்நேரம் எங்கோ பங்சாருக்கு அருகே தண்டவாளத்தில் நின்றிருந்தார்.

“சரி, யாருக்காச்சும் ஒருத்தருக்கு எடுத்துடு,” என்று வேலாயுதம் தாளைத் தட்டினார். “அரிசி ஆலை? வேணாம், மனுசன் சண்டைக்கு வந்துருவான். கண்டிராக்டருங்க மூணு பேருல ஒருத்தருக்கு எடுத்தா, மூணு பேருக்கும் எடுக்கணும்.”

“சாமிக்கு எடுத்துரலாம். ‘முருகன் துணை’ன்னா போதாதா?”

“என்ன பேச்சு பேசுற! கல்யாணக் காரியம். சாமிக்கு மரியாத இல்லாம?” கன்னத்தில் போட்டுக்கொண்டார். விரல் தாளில் கீழே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எங்கே நிற்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். “சம்பந்திக்கு எடுத்துடு. அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே.”

“அவரு ஆசப்பட்டுக் கேட்டாரு, மொதலாளி.”

“அப்ப அந்த ரெண்டு வெள்ளிய நீ விட்டுக்குடு.”

இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நான் யோசிக்கவில்லை. நாற்பது வெள்ளி பில் புத்தகம் எனக்கு முன்னால் குடையோடு நின்றது. அரை நாள் கை வலி அதற்குப் பின்னால் நின்றது. பக்கிரிசாமி மறுபடி வரமாட்டார்; அவருக்கு இன்னொரு மகள் இல்லை.

“அவர்கள்ங்கறத மட்டும் விட்டு வைக்கட்டுமா?” என்று கேட்டேன். மனசாட்சிக்கு ஒரு தள்ளுபடி.

“தலையில்லாம வாலு எதுக்கு? பாக்கவே நல்லாருக்காது. ரெண்டயும் எடு.”

எடுத்தேன். அந்த ஸ்ரீ இரண்டு அங்குலம் மேலே ஏறி வல்லிபுரத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. கடைசி வரியில் ‘பக்கிரிசாமி’ என்று ஆறு எழுத்து மிஞ்சியது. இருபக்கமும் வெற்று ஈயக்கட்டை வைத்து இடத்தை அடைத்தேன். முன்னூறும் மத்தியானத்துக்குள் முடிந்தது.

மறுநாள் பக்கிரிசாமி வந்து பன்னிரண்டு வெள்ளியையும் எண்ணி வைத்துவிட்டு, கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினார். புகையிலை டப்பாவைத் திறந்தார். அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துப் பத்திரிகையின் மேல் வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. படிக்கத் தெரியாதவருக்கு எண்ணத் தெரியும் என்பது எனக்குத் தோன்றியே இருக்கவில்லை.

“இருவத்து நாலு இருக்குதண்ணே,” என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக. “இதுல என் பேரு எது?”

கீழே மொட்டையாக நின்ற வரியைக் காட்டியிருக்க வேண்டும். ஈயம் உடைந்துவிட்டது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட இரண்டு நிமிஷம் விளக்கம் தேவை. வெளியே ஓர் ஆள் லேபிளுக்காகக் காத்திருந்தான். என் விரல் போய் வல்லிபுரத்தின் வரியில் நின்றது.

“இதுதான்.”

அவர் அந்த வரியை வெகு நேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். “கடைசில இருக்கும்னு நெனச்சேன். பெரிய மனுசங்களோட சேத்துட்டாரு சம்பந்தி. நல்ல மனுசன்.” பத்திரிகைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்கு இருநூறு போக, பெண் வீட்டுக்கு நூறு. அந்த நூறுக்கும் பக்கிரிசாமி தாமே உட்கார்ந்து மஞ்சள் குழைத்துத் தடவினார். கல்யாணப் பெண்ணுக்கு அந்த வேலை ஆகாது என்று, படிக்கத் தெரிந்த தங்கமணியைக் கட்டின் பக்கமே விடவில்லையாம். நாலு மூலைக்கு நாலு பொட்டு. ஐந்தாவதாக, தம் பெயர் என்று நான் காட்டிய வரியின் ஓரத்தில் ஒரு பொட்டு. நூறிலும்.

கோட்டர்ஸில் படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். தண்டவாளத்து மண்டோர் பெரிய கிராணியின் பெயருக்கு மட்டும் மஞ்சள் வைத்திருக்கிறார். மருமகனின் பதவி உயர்வுக்காகக் காக்காய் பிடிக்கிறார் என்று இரண்டு வாரம் பேசிச் சிரித்தார்கள். அவருடைய கும்பலில் இருந்தவர்களே, “என்னா மண்டோரே, கிராணிக்குக் குளிர்ச்சியா இருக்குமா?” என்று கேட்டார்களாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டுக்காரனைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கும் ஒரு பத்திரிகை வந்தது. ஐந்தாவது பொட்டைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. எதிர்ச்சாரிதான். சாலையைக் கடந்தால் போதும். பதினோரு நாளும் எனக்கு அவசர வேலை இருந்தது.

ஆவணி முகூர்த்தம். கோட்டர்ஸ் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். நாதஸ்வரம் கிள்ளானிலிருந்து வந்தது. வேலாயுதத்தின் பெரிய மனிதர்கள் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும் நேரம். பக்கிரிசாமி சரிகை வேட்டியில் வியர்த்துக்கொண்டு, எல்லோருக்கும் சந்தனம் நீட்டிக்கொண்டு வந்தார். பெரிய கிராணி வல்லிபுரத்துக்கு முன்னால் வந்ததும், அவர் எழுந்து நின்று பக்கிரிசாமியின் தோளில் கை வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சாதுவான மனிதர். உரக்கப் பேசுவார்.

“பக்கிரி, உன்ர பத்திரிகை கண்டு எனக்குச் சரியான சந்தோசம். இத்தினை பேருக்குள்ள என்ர பேருக்கு மட்டும் மஞ்சள் வைச்சு அனுப்பியிருக்கிறாய். வீட்டிலயும் காட்டினனான்.”

பக்கிரிசாமி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். “அய்யா, அது என் பேருங்க.”

“எது?”

“மஞ்சப் பொட்டு வச்சது. என் பேருங்க அய்யா.”

வல்லிபுரம் கோட்டுப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு முறை படித்தார். “இல்லையே. இது என்ர பேரெல்லோ?” அவர் குரலில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

வேலாயுதம் எழுந்து வந்தார். பத்திரிகையை வாங்கி, பந்தலுக்கே கேட்கும்படி, “ம-ரா-ரா-ஸ்ரீ வல்லிபுரம் அவர்கள்” என்று வாசித்தார். “சம்பந்தி, கிராணி வேலை வேணும்னா தொரைகிட்ட மனு குடுக்கலாமே. அவரு பேர ஏன் புடுங்குறீங்க?”

முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்ததால் பின்வரிசையும் சிரித்தது. தண்டவாளக் கும்பலுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். மணவறையில் தங்கமணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அப்ப என் பேரு எங்க இருக்கு?” என்று பக்கிரிசாமி கேட்டார்.

வேலாயுதம் பத்திரிகையை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, கடைசி வரியைச் சுட்டினார். “இந்தா, கீழ. பக்கிரிசாமி.”

அவர் அந்த வரியைப் பார்த்தார். முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. அப்புறம் நிமிர்ந்து பந்தலைச் சுற்றிப் பார்த்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என்னைக் கண்டுபிடித்ததும் பார்வை அங்கேயே நின்றது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் அடுத்த ஆளுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலை இரண்டு மூன்று விதமாகத் தயாராக வைத்திருந்தேன். புகையிலை டப்பாவைத் திறந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஒங்க சாமான், அண்ணே.”

“பக்கிரிசாமி, எழுத்து பத்தல. ஒண்ணு கொறஞ்சுது. சம்பந்திதான்…”

“அதுக்கு எவ்வளவு ஆயிருக்கும்?”

“ரெண்டு வெள்ளி.”

“அவருகிட்ட கேட்டீங்க. எங்கிட்ட கேக்கலியே?” குரல் உயரவே இல்லை. “நாலு மாடு வச்சிருக்கேண்ணே. ஒரு மாட்டு ரெண்டு நாள் பாலு. குடுத்திருக்க மாட்டேனா?”

நான் பெட்டியைத் திறந்து இரண்டு வெள்ளியை எடுத்து நீட்டினேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை. இதைவிடப் பழக்கமான காரியமும் எனக்குத் தெரியாது. அவர் வெள்ளியைப் பார்க்கவே இல்லை.

“மொட்டையா இருந்தது கூடப் பரவால்லண்ணே. அதான் என் பேருன்னு காட்டியிருந்தீங்கன்னா, அதுக்கு மஞ்சப் பொட்டு வச்சிருப்பேன்.”

போய்விட்டார். அப்புறம் அவர் என் கடைப் பக்கமாக நடந்ததில்லை. எதிர்ச்சாரியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக என் கடையைத் தாண்டித்தான் வழி. அவர் மாட்டுக் கொட்டகைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

ராதாகிருஷ்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது. கிள்ளான் வீட்டில் தங்கமணியை ‘மஞ்சப் பொட்டு’ என்று கூப்பிடுவதாக, பில் புத்தகத்துக்கு வந்த வேலாயுதமே சொல்லிச் சிரித்தார். விருந்தாளிகள் வந்தால் அவளைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார்களாம். நான் அந்த வருஷம் அவருக்குப் பில் புத்தகத்தில் ஐந்து வெள்ளி கூட்டினேன். அதைப் பழிவாங்கல் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விலைவாசி ஏறியதால் எல்லோருக்கும்தான் கூட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து நூறு ஸ்ரீ தருவித்தேன். புத்தம் புதியவை. கப்பல் கூலியோடு ஒன்பது வெள்ளி. அந்த வாரமே ரப்பர் விலை விழத் தொடங்கியது. கல்யாணங்கள் சுருங்கின. பத்திரிகை அடிப்பவர்கள் நாலு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ரயில்வே தண்டவாளக் கும்பல்களைப் பாதியாகக் குறைத்தது. பக்கிரிசாமிக்கு வேலையும் கோட்டர்ஸ் வீடும் போயின, மாடுகள் இருந்தன. நூறு ஸ்ரீயும் என் பெட்டியில் பளபளவென்று படுத்துக்கிடந்தது.

கல்யாணம் நடந்த ஐந்தாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தங்கமணி கடைக்குள் வந்தாள். கிள்ளானிலிருந்து முந்தின நாளே வந்திருக்க வேண்டும். கூட யாருமில்லை. வெள்ளைப் புடவை இல்லை; முகம் மட்டும் அப்படி இருந்தது.

“அப்பா தவறிட்டாரு. பாலு ஊத்தப் போன எடத்துல நெஞ்சு வலி. கருமாதிக் காயிதம் அடிக்கணும். அம்பது போதும்.”

தாளை நீட்டினாள். குண்டு குண்டான கையெழுத்து. ‘எங்கள் தகப்பனார் பக்கிரிசாமி’ என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

“அம்மா, பேருக்கு முன்னால நான் போட்டுர்றேன்,” என்றேன். “இப்ப எங்கிட்ட நெறைய இருக்கு. பெட்டி நெறைய. அவர்கள்னும் போடறேன். காசு வேணாம்.”

“சாவுக் காயிதத்துல செத்தவங்களுக்கு ஸ்ரீ போடுவீங்களா?”

போடுவதில்லை. அது மங்கலச் சொல், உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அச்சுத் தொழிலில் முதல் மாதமே தெரிந்துகொள்கிற வழக்கம் அது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“இருந்தாலும் போடலாம். யாரு என்ன சொல்லப் போறாங்க?”

“கிள்ளான்ல சொல்லுவாங்க. ‘அப்பன் செத்ததுக்கு அப்பறமும் மஞ்சப் பொட்டு விடல’ன்னு சொல்லுவாங்க.” அவள் தாளை என் பக்கம் தள்ளினாள். “மொட்டையாவே போடுங்க. அப்பாவுக்குப் பழகிருச்சு.”

“சரிம்மா.”

“எவ்வளவு?”

“வேணாம்மா. இது நான்…”

“வெலையச் சொல்லுங்க.” முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அப்பாவின் பார்வைதான். ஆனால் குனிந்து செருப்பைச் சரி செய்ய விடாத பார்வை. “அது ஒங்களுக்கு நல்லா வருமே.”

“ரெண்டு வெள்ளி,” என்றேன். நியாயமான விலை அதுதான். நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அவள் முந்தானை முடிச்சிலிருந்து எண்ணி வைத்தாள். சில்லறையாக இருந்தது. அப்பா விட்டுப்போன பால் காசு.

மத்தியானம் ஐம்பதையும் அடித்துக் கொடுத்து அனுப்பினேன். சட்டத்தைப் பிரித்து எழுத்துகளைக் கழுவி அந்தந்தக் குழியில் போட்டேன். ‘பக்கிரிசாமி’ ஆறு எழுத்தும் ஆறு இடத்துக்குப் போயிற்று. ஸ்ரீக் குழி கையே படாமல் நிறைந்து கிடந்தது. வேலை எதுவும் இல்லாததால் அதை மேசையில் கொட்டி எண்ணினேன்.

பினாங்கில் வாங்கியது இருபத்து நான்கு. சென்னையிலிருந்து வந்தது நூறு. தேய்ந்து உருக்கக் கொடுத்தது ஏழு. கையிருப்பு நூற்றுப் பதினேழு.

கொடுபட வேண்டியது, ஒன்று.